உப்பில்லாக் கஞ்சி

கட்டில் கட்டிலாகக் குனிந்து நோயாளிகளின் கட்டுகளை மருந்துநீரால் நனைத்துக்கொண்டு வந்த தாதி ஜூலியேத், ஏழாம் கட்டிலருகே யாரோ தமிழில் பேசுவதைக் கேட்டு நின்றாள். உரத்த பேச்சு அல்ல, தனக்குத்தானே முனகிக்கொள்ளும் குரல். "முருகா, எனக்குக் குடுக்க வேண்டியத இவளுக்குக் குடுத்துட்டியே." பேசியவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அரைக்கைச் சட்டை, கசங்கிய கால்சட்டை, நெற்றியில் வியர்வையோடு கரைந்து வழிந்த திருநீறு. கட்டிலில் கழுத்திலிருந்து இடுப்புவரையும் இரு கைகளிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவள் வியட்நாமியப் பெண். முந்தின நாள் மாலைதான் அவளைக் கொண்டுவந்திருந்தார்கள்.

அது அறுபத்தெட்டாம் ஆண்டு மே மாதம். வியட்நாம் யுத்தம்; நகரத்தின் சோலோன் பக்கம் மறுபடியும் சண்டை. வார்டின் மேற்குச் சன்னலைத் திறந்தால் கூரைகளுக்கு மேலே புகை தெரியும் என்பதால் அதை மூடியே வைத்திருந்தார்கள். முப்பது கட்டில் போடவேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டு கட்டில்கள். இடையில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மருந்து சட்டையில பட்டா கறுத்துப் போயிரும்," என்றாள் ஜூலியேத்.

அவர் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியுமாக நின்ற கறுத்த பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க தமிழா?"

"அப்பாவுக்குக் காரைக்கால்ண்ணே. நான் இங்கதான் பொறந்தேன்."

அவர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். கண்ணில் நீர் தளும்பியது. ஜூலியேத்துக்குக் கூச்சமாக இருந்தது. கூடவே, சொல்லத் தெரியாத ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் வியட்நாமியம், வீட்டுச் சமையலறையில் மட்டும் தமிழ் என்று வளர்ந்தவள் அவள். சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா போய்ப் பத்து வருடம், அம்மா போய் ஆறு வருடம் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் இரண்டு மூன்று காரைக்கால் குடும்பங்களோடு பேசும் நாலு வார்த்தையைத் தவிர அவளுடைய தமிழுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

அவர் பெயர் தண்டாயுதபாணி. தேவகோட்டைப் பக்கம். பென் தான் சந்தைக்குப் பின்னால் சிறிய துணிக்கடை வைத்திருந்தார். இருபத்துநாலு வயதில் உறவினர் கடையில் வேலைக்கு வந்தவர், உறவினர்கள் எல்லாரும் கப்பலேறிப் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். தங்கியதற்குக் காரணம் ஏழாம் கட்டிலில் படுத்திருந்த ஹியென். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண். அவளுக்குத் தன் தாயின் பெயரான பஞ்சவர்ணத்தை வைத்திருந்தார். ஹியெனின் வாயில் அது 'பாஞ்' என்று சுருங்கிவிட்டது. அந்த மொழியில் அது பலகாரத்துக்குப் பெயர். குழந்தை இப்போது மீ தோ என்ற ஊரில் ஹியெனின் அக்கா வீட்டில் இருந்தாள்.

"ஸ்டவ்வு வெடிச்சிருச்சும்மா," என்றார். "ஊரடங்குனால கடை ஒண்ணும் இல்ல. ரோட்டுல ஒருத்தி டின்னுல மண்ணெண்ணெய் வச்சு வித்துக்கிட்டிருந்தா. வாங்கியாந்து குடுத்தேன். அது மண்ணெண்ணெய் இல்ல, பெட்ரோலக் கலந்திருக்கா. நான்தாம்மா வாங்கியாந்தேன்."

இதே கதையை ஜூலியேத் அந்த மாதத்தில் ஒன்பது பேரிடம் கேட்டிருந்தாள். குண்டில் எரிந்து வருகிறவர்களைவிட அடுப்பில் எரிந்து வருகிறவர்கள் அதிகமாக இருந்தார்கள். அதை அவரிடம் சொன்னாள். அவருக்கு அது ஆறுதலாக இல்லை.

முன்பெல்லாம் இந்த வார்டில் தீக்காயத்தோடு வருகிறவர்களைத் தீ கொல்வதில்லை. நாலாம் நாள் அல்லது ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தால் துணியில் பச்சையும் நீலமுமாகச் சீழ் ஊறியிருக்கும். பழுத்து அழுகிய திராட்சையைப் போல ஓர் இனிப்பு வாடை வரும். அந்த வாடை வந்துவிட்டால் தாதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சல்பா பொடியைத் தூவினார்கள், வாஸ்லின் தடவிய துணியைப் போட்டார்கள், பெனிசிலின் ஊசி போட்டார்கள். அந்தக் கிருமி எதற்கும் மசியவில்லை. பிறகு முந்தின ஆண்டின் கடைசியில் ஓர் அமெரிக்க டாக்டர் மூன்று வாரம் வந்து தங்கிச் சில்வர் நைட்ரேட் கட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அரை சதவீதக் கரைசல். குழாய்த் தண்ணீரில் கலந்தால் பால்போல வெளுத்துக் கெட்டுவிடும், காய்ச்சி வடித்த நீரில்தான் கலக்கவேண்டும். காஸ் என்னும் மெல்லிய கட்டுத்துணியைத் தடிமனாக அடுக்கிச் சுற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரைசலை ஊற்றி, கட்டு ஒரு நிமிடம்கூடக் காயாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எரிச்சல் இருக்காது. ஆனால் பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். தரை கறுத்தது, கட்டில் கம்பி கறுத்தது, சுவரில் கைவைத்த இடம் கறுத்தது. ஜூலியேத்தின் பத்து விரல்களும் நகக்கண் வரை கரி பிடித்த மாதிரி ஆயின. எந்தச் சோப்புக்கும் அது போகவில்லை. ஆனால் நாலாம் நாள் கட்டைப் பிரித்தால் பச்சை இல்லை, வாடை இல்லை. அவளுக்கு அந்தக் கறுத்த விரல்கள் மேல் ஒரு பெருமை இருந்தது. பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது யாராவது பார்த்தால் அவள் கையை மறைத்துக்கொள்வதில்லை.

தண்டாயுதபாணி மறுநாளே வேலையைக் கற்றுக்கொண்டார். மற்ற கட்டில்களில் தாயோ தங்கையோ மனைவியோ உட்கார்ந்து கட்டை நனைத்தார்கள். ஏழாம் கட்டிலில் ஒரு துணிக்கடைக்காரர் மணியைப் பார்த்துப் பார்த்து அலுமினியக் குவளையால் ஊற்றினார். துணியை அறிந்தவர் என்பதால் எந்த மடிப்பு காய்ந்திருக்கிறது, எங்கே ஈரம் தங்கியிருக்கிறது என்பதை விரலின் பின்புறத்தால் தொட்டே சொன்னார். இரண்டு நாளில் அவருடைய விரல்களும் கறுத்தன.

நாலாம் நாள் காலையில் ஜூலியேத்தும் டாக்டர் கியெமும் கட்டை முழுவதும் பிரித்தார்கள். நெஞ்சிலும் கைகளிலும் கறுத்த தோல் உரிந்த இடங்களில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தது. டாக்டர் குனிந்து முகர்ந்து பார்த்தார். அவர் பாரிஸில் படித்தவர், அதிகம் பேசாதவர். "நல்லது," என்று பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னார். "நரம்பில் ஏற்றும் சலைனை நிறுத்தலாம். பாட்டில் கம்மியாக இருக்கிறது. வாயால் சாப்பிடட்டும்." அவர் அன்று மதியமே வேறொரு மருத்துவமனையில் அறுவைக்கு ஆள் போதவில்லை என்று போய்விட்டார்.

தண்டாயுதபாணி வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிவு. "தங்கச்சி, இனி என்ன குடுக்கலாம்? பத்தியம் எதுவும் இருக்கா?"

அந்தச் சொல்லை ஜூலியேத் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பத்து வயதில் உடம்பெல்லாம் கொப்புளம் வந்து படுத்திருந்தபோது அம்மா உப்பும் புளியும் சேர்க்காமல் கஞ்சி வைத்துக் கொடுத்ததும், உப்புப் பட்டால் புண் ஆறாது என்று சொல்லிக்கொண்டே ஆற்றி ஊட்டியதும் அவளுக்குள் எங்கிருந்தோ எழுந்து வந்தன. அதே கேள்வியை யாராவது பிரெஞ்சில் கேட்டிருந்தால் அவள் தாதியாக நின்று, டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பாள். தமிழில் கேட்டதால் மகளாக நின்று பதில் சொன்னாள்.

"உப்பு சேக்காதீங்கண்ணே. புண்ணு காயற வரைக்கும் உப்பு, புளி, கருவாடு ஒண்ணும் வேணாம். கஞ்சியா குடுங்க. எளநி குடுங்க, சூடு தணியும். தண்ணி நெறையக் குடிக்கட்டும்."

"அதத்தான் நானும் நெனச்சேன்," என்றார் அவர். "எங்கம்மாவும் அப்பிடித்தான் சொல்லும். இங்க உள்ளவுகளுக்கு இது தெரியாது, எல்லாத்துலயும் மீன் சாற ஊத்துறாக."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பல நாள் கழித்து, அந்த இடத்துக்குத்தான் ஜூலியேத் மீண்டும் மீண்டும் போனாள். வராந்தாவில், ஒரு தூணருகே, இரண்டு பேர் தங்கள் தாய்மாரை நினைத்துச் சிரித்துக்கொண்ட இடத்துக்கு.

சுற்றிலும் எல்லாக் கட்டில்களிலும் வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் நுக் மாம் என்கிற அந்த மீன் சாறு மணத்தது. உப்போடு வறுத்த எள், உப்பு முட்டை, கருவாட்டுத் துண்டு எல்லாம் வந்தன. ஏழாம் கட்டிலுக்கு மட்டும் வெறும் கஞ்சியும் இளநீரும்.

ஹியென் முதல்நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். இரண்டாம் நாள் கணவரிடம் கெஞ்சினாள். அவருடைய வியட்நாமியம் கடைப்பேச்சு. 'இல்லை', 'கூடாது', 'நல்லதுக்குத்தான்' என்பதற்கு மேல் அவரால் விளக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவள் ஜூலியேத்தைக் கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் மீன் சாறு. ஒரு கரண்டி போதும். நாக்கு செத்துப்போச்சு. அவர் உங்க பேச்சைத்தான் கேக்கிறார், நீங்க சொல்லுங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பொறு. புண் ஆறட்டும்," என்றாள் ஜூலியேத் வியட்நாமியத்தில்.

"புண் வெளியேதானே இருக்கு அக்கா? எனக்கு உள்ளே என்னமோ பண்ணுது. உப்பு வேணும்னு உடம்பு கேக்குது."

"வீட்டுக்குப் போனதும் ஒரு குடம் குடி."

ஹியென் சிரிக்க முயன்றாள். எட்டாம் கட்டில் கிழவரின் மகள் தன் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டியை எடுத்து நீட்டியபோது தண்டாயுதபாணி பணிவாகக் கைகூப்பி மறுத்துவிட்டார். அதை ஜூலியேத்தும் பார்த்தாள். நல்ல மனிதர், எவ்வளவு கருத்தாகப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஹியெனுக்குத் தலைவலி. குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. அதற்காக இன்னும் தண்ணீர் கொடுத்தார்கள். பத்தாம் நாள் அவள் நாள் முழுக்கத் தூங்கினாள். எழுப்பினால் விழித்து, மகளின் பெயரைச் சொல்லி, மீண்டும் தூங்கினாள். ஜூலியேத் கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை. காய்ச்சலும் பெரிதாக இல்லை. புண் முன்னைவிட நன்றாக இருந்தது. களைப்பு என்று எழுதிவைத்தாள். அன்று மட்டும் பதினாறு பேர் புதிதாக வந்திருந்தார்கள்.

பதினோராம் நாள் காலை கஞ்சி நேரத்தில் ஹியெனுக்கு வலிப்பு வந்தது. தண்டாயுதபாணி கத்தினார். ஜூலியேத் ஓடிவந்து அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். நின்றது, மறுபடியும் வந்தது. டாக்டர் கியெமுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வருவதற்குள் மூன்றாவது முறையும் வந்துபோய் எல்லாம் முடிந்திருந்தது. காயங்கள் ஆறிக்கொண்டிருக்கும்போதே, ஒரு துளி சீழ் இல்லாமல், ஹியென் இறந்துபோனாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கடந்த வாரம் என்ன சாப்பிட்டாள்?"

"கஞ்சி. இளநீர்."

"உப்பு?"

ஜூலியேத் ஏழாம் கட்டிலின் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள். டாக்டர் துடைப்பதை நிறுத்தினார். "அந்த அமெரிக்கர் ஒரு குறிப்பு கொடுத்தாரே, மொழிபெயர்க்கச் சொல்லி உங்களிடம் தந்தேன்."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த இரண்டு தாள்கள். வார்டில் ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவள் அவள்தான். கரைசல் கலப்பது, கட்டுச் சுற்றுவது, நனைப்பது எல்லாம் முதல் பக்கத்தில் இருந்தன. அதை வியட்நாமியத்தில் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். இரண்டாம் பக்கத்தை அடுத்த வாரம் எழுதலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தாள். அதற்குள் வியட்நாமியப் புத்தாண்டுச் சண்டை தொடங்கி, வார்டு நிரம்பி, நாட்கள் ஓடிவிட்டன.

மதியம் வெயில் சாயும் நேரத்தில் இழுப்பறையைத் திறந்து எடுத்தாள். அரைப் பக்கம்தான். ஈரக் கட்டு உடம்பிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டே இருக்கும், நோயாளிக்கு ஒவ்வொரு நாளும் தவறாமல் உப்புக் கொடுக்கவேண்டும், வெறும் தண்ணீரை அதிகம் கொடுக்கக் கூடாது, தலைவலி, வாந்தி, தூக்கம் கண்டால் உடனே கவனிக்கவேண்டும், வலிப்பு வரலாம். குழந்தைக்கும் விளங்கும் ஆங்கிலம்.

இத்தனை மாதம் யாரும் இதற்காகச் சாகவில்லையே என்று முதலில் நினைத்தாள். பிறகு வார்டைப் பார்த்தாள். கட்டில் கட்டிலாகக் கிண்ணங்கள், கிண்ணம் கிண்ணமாக மீன் சாறு. யாரும் சொல்லாமலே தாய்மார்களும் மகள்களும் தினமும் அந்த உப்பை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பக்கம் இல்லாமலே அந்த வார்டு பிழைத்துக்கொண்டிருந்தது. ஏழாம் கட்டிலைத் தவிர.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள்."

"அவள் கணவருக்குச் சொல்லவேண்டாமா, டாக்டர்?"

"உடம்பில் மூன்றில் ஒரு பங்கு வெந்திருந்தது. உப்புக் கொடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது." அவர் குழாயைத் திறந்து கைகழுவத் தொடங்கினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, "அவர் கேட்டாரா?" என்றார்.

அவர் கேட்கவில்லை. உடலைக் கொண்டுபோக வண்டி வந்தபோது தண்டாயுதபாணி வாசலில் நின்றிருந்தார். அருகில் மீ தோவிலிருந்து வந்த ஹியெனின் அக்கா அழுதுகொண்டும் அவரைத் திட்டிக்கொண்டும் நின்றாள். எண்ணெய் வாங்கிவந்து என் தங்கையைக் கொளுத்திவிட்டாயே என்றாள். அவர் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். ஜூலியேத்தைக் கண்டதும் கிட்டே வந்தார்.

"தங்கச்சி, நீங்க செஞ்சதுக்கு நான் என்ன சொல்லுவேன். கூடப் பொறந்தவ மாதிரி பாத்தீக. புண்ணெல்லாம் ஆறித்தானே வந்துச்சு. என் பாவம்தான், அது உள்ளுக்குள்ள போயிருச்சு. அந்தத் தீயக் கொண்டாந்தவன் நான். நான்தான் கொன்னுட்டேன்."

இரண்டாம் பக்கம் மடித்து அவளுடைய சட்டைப் பையில் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். "அப்பிடிச் சொல்லாதீங்கண்ணே," என்றாள். அவ்வளவுதான் வந்தது. அவர் அதை ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டு மீண்டும் கைகூப்பினார். அவருடைய விரல்களும் அவளுடையவையும் ஒரே கறுப்பாக இருந்தன.

அன்று மாலைக்குள் அவள் தாளை மொழிபெயர்த்து ஒட்டிவிட்டாள். அடுத்த நாளிலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, கட்டுகளை நனைக்கும்போதே ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றினாள். சாப்பிட மறுத்த குழந்தைகளுக்குப் பழச்சாற்றில் உப்பைக் கலந்து ஏமாற்றிக் கொடுத்தாள். புதிதாக வந்த தாதிகளுக்கு முதல் பாடமே அதுதான். அந்த அம்மாவிடம் உப்பைப் பற்றி மட்டும் விளையாடக்கூடாது என்று இளையவர்கள் பேசிக்கொள்வார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளில் வெள்ளி கலந்த வெள்ளைக் களிம்பு வந்தது. அது கறுக்கவில்லை, உப்பை இழுக்கவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நனைக்கவும் வேண்டாம். தோல் உரிந்து உரிந்து அவளுடைய விரல்கள் பழைய நிறத்துக்குத் திரும்பின. அந்த நாட்களில் அவள் தன் கையைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

பென் தான் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போவதை அவள் நிறுத்தியிருந்தாள். ஒருமுறை போக நேர்ந்தபோது எதிர்ச்சாரியில் நடந்து, அந்தத் துணிக்கடைக்குள் தண்டாயுதபாணி தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை நேரத்தில் முடிவு செய்திருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் பிரெஞ்சில் சொன்னாள். அறியாமல் செய்தது பாவமாகாது என்று அவர் மன்னித்து அனுப்பினார். உப்பைத் தடுத்தது அறியாமல் செய்தது. வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றது அப்படியல்ல. அதை அவருக்கு அவள் சரியாக விளக்கவில்லை.

யுத்தம் முடிந்து ஓராண்டு கழிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் ஒவ்வொருவராக விமானமேறினார்கள். ஜூலியேத்துக்கும் முறை வந்தது. ஒரு பெட்டி, அடுத்த வியாழக்கிழமை. இனி தள்ளிப்போட ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று ஆனபோதுதான் அவள் கிளம்பினாள். குடை எடுக்கவில்லை. வழியில் மழை பிடித்துக்கொண்டது.

கடையின் பலகைகள் பாதி சாத்தியிருந்தன. உள்ளே அலமாரிகள் காலியாக இருந்தன. புதிய ஆட்சியில் தனியார் துணி வியாபாரம் நின்றுபோயிருந்தது. தண்டாயுதபாணிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தங்கச்சி. நனைஞ்சு போயிட்டீகளே. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயந்தாள். நின்றபடியே சொன்னாள். ஈரக் கட்டு உப்பை இழுக்கும் என்பதை, இரண்டாம் பக்கத்தை, இழுப்பறையை, வராந்தாவில் சொன்ன பத்தியத்தை, வாசலில் வாயைத் திறந்து மூடிக்கொண்டதை. எட்டு வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "உப்பு குடுத்திருக்கணும்ண்ணே. நான் வேணாம்னுட்டேன். எண்ணெயால சாகல," என்றாள் கடைசியில். "பொழைச்சிருப்பாங்களான்னு டாக்டருக்கும் தெரியல. ஆனா அன்னைக்கு செத்தது அதனாலதான்."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் கடையை நிறைத்தது. அவருடைய கை மேசைமேல் கிடந்த பழைய அளவுகோலை எடுத்து, திருப்பி, மறுபடி வைத்தது.

"அவ கேட்டா," என்றார். "ஒரு கரண்டின்னு கேட்டா. பக்கத்துக் கட்டில்காரி குடுக்க வந்தத நான் கும்பிட்டு வேணாம்னேன்."

"நான் சொல்லித்தானேண்ணே."

"ஆமா. நீங்க சொல்லித்தான்." அதில் கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுகொள்ள முடியவில்லை. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எட்டு வருசம்மா. எட்டு வருசமா அடுப்பப் பத்தவைக்கையில எல்லாம் அந்த டின்னுதான் கண்ணுக்குள்ள நிக்கும். எம்மகளுக்கு அவ பெரியம்மா என்ன சொல்லி வளத்துச்சு தெரியுமா? அப்பன் வாங்கியாந்த எண்ணெயிலதான் அம்மா செத்தான்னு. நானும் ஆமான்னுதான் சொன்னேன். அதுதானே நெசம்னு நெனச்சேன். வருசத்துக்கு ரெண்டு தடவ போவேன். கதவுக்குப் பின்னாடி நிப்பா. எங்கிட்ட வரமாட்டா."

இந்தக் கணக்கில் ஒரு குழந்தையும் இருக்கிறாள் என்று ஜூலியேத் ஒருநாளும் நினைத்ததில்லை.

"மெட்ராசுக்கு அனுப்புற பட்டியல்ல எம்பேரு வந்திருக்கு," என்றார் அவர். "மகளையும் சேக்கலாம்னு சொல்லியிருக்காக. நாளைக்குள்ள சொல்லணும். மூணு நாளா வந்து இங்கதான் இருக்கா. ரேசனுக்கு நிக்கிறா, சோறாக்குறா, எல்லாம் செய்யுறா. வர்றியான்னு கேட்டா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறா. அம்மாவக் கொன்னவரோட எப்பிடிப் போறதுன்னு பெரியம்மாகிட்ட சொல்லியிருக்கா."

"நான் என்ன செய்யணும்ண்ணே?"

"எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்க. எனக்கு அந்தப் பாசையில அவ்வளவு பேச வராது. சொன்னாலும் நம்பமாட்டா. தப்பிக்கச் சொல்றேன்னு நெனப்பா." அளவுகோலை ஓரமாக நகர்த்தி வைத்தார். "ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேணாம். கொறச்சும் சொல்ல வேணாம். நான் கும்பிட்டு மறுத்ததயும் சேத்துச் சொல்லுங்க."

பதினாலு வயதுப் பெண் ஒருத்தி பின்கட்டிலிருந்து ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தாள். அப்பாவின் நிறம். நெற்றியும் கண்ணும் ஹியெனுடையவை. தண்டாயுதபாணி, "பாஞ், இவங்க உன் அம்மாவப் பாத்துக்கிட்டவங்க," என்று தன் உடைந்த வியட்நாமியத்தில் சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

பெண் ஜூலியேத்தின் தலையைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துவாலையை எடுத்துவந்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள். ஜூலியேத் அதை வாங்கினாள். துடைத்துக்கொள்ளவில்லை. காலி அலமாரியின் கீழ்த்தட்டில் அவள் உட்கார, எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்ணும் உட்கார்ந்தாள். ஜூலியேத்தின் கூந்தலிலிருந்து நீர் மடியில் மடித்து வைத்திருந்த துவாலையின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பெண் முழங்கால்களில் கைகளை ஊன்றி, முன்னால் சாய்ந்து, அவள் வாயையே பார்த்தாள்.